ஒரே அறை, ஒரே நாற்காலி, மூன்று படங்கள்: எதை எங்கே வைப்பது என்று நமக்குள் தீர்மானிப்பது எது?

(ஓர் ஒளிப்பட மன்றத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

சாளரம்

நான் நடத்தும் சிறு ஒளிப்பட வகுப்பில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி இது. காலியான ஓர் அறை. அதில் ஒரு சன்னல், சன்னலருகே ஒரு மர நாற்காலி, நாற்காலியின் முதுகில் தொங்கும் சாம்பல் நிறச் சட்டை. கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் எல்லோருக்கும் பொது. எத்தனை எடுத்தாலும் கடைசியில் ஒரே ஒரு படத்தைத்தான் தர வேண்டும்.

இந்த முறை வந்தவற்றில் மூன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். முதலாவது, கட்டடப் பொறியாளர் ஒருவர் எடுத்தது. சுவருக்கு நேர் எதிரே நின்றிருக்கிறார். சன்னலின் செங்குத்துக் கோடுகள் படத்தின் விளிம்புக்கு மயிரிழை பிசகாமல் இணையாக ஓடுகின்றன. நாற்காலி நட்டநடுவே. அந்தப் படத்தில் நேராக இல்லாதது சட்டையின் கசங்கல் மட்டும்தான். அதனாலேயே கண் அங்கே போய் நிற்கிறது. இரண்டாவது, ஓவியம் பயின்றவர் எடுத்தது. நாற்காலி இடது மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது, பாதிக்கு மேல் வெறும் சுவர். அந்தச் சுவரில் சன்னல் வெளிச்சம் சாய்ந்த நாற்கரமாக விழுந்திருக்கிறது. அவருக்கு நாற்காலியைவிட அந்த வெளிச்சம்தான் கனமான பொருள். மூன்றாவது, பத்திரிகைக்குப் படம் எடுப்பவருடையது. அவர் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். கதவு நிலை வலப்பக்கத்தை இருட்டாக மறைக்கிறது. நாற்காலி பாதிதான் தெரிகிறது. சன்னலுக்கு அப்பால் யாரோ நடந்துபோகும் நொடிவரை காத்திருந்து எடுத்திருக்கிறார். யாருமில்லாத அறையிலும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

விதி எதையும் நினைத்து எடுக்கவில்லை என்றுதான் மூவரும் சொன்னார்கள். அங்கே நின்றபோது சரியாக இருந்தது, அவ்வளவுதான் என்றார்கள். அந்தச் 'சரி' எங்கிருந்து வருகிறது? ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, வேலையில் பழகிப்போன கண்ணின் பழக்கம்தானா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எதைக் கவனித்துப் பழகியிருக்கிறார் என்பதை அவருடைய படத்தின் அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும், அவர் மறைக்க நினைத்தாலும்.

நேர்கோடு

விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எடுத்தவர் பொறியாளர் என்று தெரிந்ததால் நேர்கோடுகள் உங்கள் கண்ணில் பட்டன. அதே படத்தை எடுத்தவர் நடனக்காரர் என்று சொல்லியிருந்தால் சமநிலை, நிலைகொள்ளுதல் என்று வேறொன்றை எழுதியிருப்பீர்கள். பெயரையும் தொழிலையும் மறைத்து வேறு படங்களைப் போடுங்கள், யாருடையது எது என்று இங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். பிறகு பேசலாம்.

இன்னொன்று. நாம் ரசனை என்று நினைப்பதில் பாதி கருவி செய்த தீர்மானம். 35 மி.மீ. ஃபிலிமின் சட்டகம் 36க்கு 24 மி.மீ. அகலமானது, பக்கவாட்டில் எதையாவது வைக்கச் சொல்லி இழுக்கும். 6க்கு 6 செ.மீ. சதுரச் சட்டகத்தைப் பாருங்கள். அதில் பொருள் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் கேமராவில் எடுத்தால், எதிரே நிற்பவர் சற்று உயர்ந்து தெரிவார். அமெரிக்க ஒளிப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1960களின் தொடக்கத்தில் 35 மி.மீ.யிலிருந்து சதுரத்துக்கு மாறியபின் அவர் படங்களில் மனிதர்கள் நேருக்கு நேராக நின்று நம்மை முறைக்கத் தொடங்கினார்கள். அதில் ரசனை எவ்வளவு, கேமரா எவ்வளவு?

சாளரம்

கேமரா மூவருக்கும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறேனே. ஆனால் மறைத்துப் போடச் சொன்னது நியாயமான கோரிக்கை. அதே மூவர் ஒரு மாடிப்படியை எடுத்திருக்கிறார்கள். மாலைக்குள் அ, ஆ, இ என்று மட்டும் குறித்துப் போடுகிறேன்.

இருட்டறைக் கிழவர்

விதி எதையும் நினைக்கவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கும். விதிகள் நம் தலைக்குள் புத்தகமாகப் போவதில்லை, பார்த்த படங்களாகப் போகின்றன.

மூன்றிலொரு பங்கு விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரி, முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வை என்பது. ஏதோ கேமராவோடு பிறந்த சட்டம்போல எல்லா வகுப்பிலும் ஓதுகிறார்கள். அந்தப் பெயரை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797இல் எழுதினார். ஒளிப்படமே அப்போது கிடையாது. அவர் பேசியது நாட்டுப்புறக் காட்சி ஓவியத்தில் நிலம் எவ்வளவு, வானம் எவ்வளவு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் என்ன விகிதம் என்று. கண்ணை நான்கு புள்ளிகளில் கொண்டுபோய் ஆணியடிக்கும் இன்றைய வடிவம் பின்னால் வந்து சேர்ந்தது.

அதை ஒளிப்படத்துக்குள் கூட்டிவந்தவர்களும் ஓவியர்களே. ஹென்றி பீச் ராபின்சன் முதலில் ஓவியர். 1858இல் காசநோயில் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் அறையை ஐந்து நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படமாக்கினார். சன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஆண், இருபுறமும் பெண்கள், நடுவில் வெளுத்த முகம் என்று எல்லாம் மேடை நாடகம்போல ஒழுங்காக இருக்கும். 1869இல் இதற்கெல்லாம் இலக்கணம் வகுத்துப் புத்தகமும் எழுதினார். முக்கோணம், சமன், எதிர்ச்சமன் என்று போகும் அந்த அறிவுரைகளில் பாதியை இன்றைக்கும் போட்டி நடுவர்கள் தங்கள் சொந்தச் சரக்குபோலச் சொல்கிறார்கள்.

பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன் தற்செயலாகப் படம் எடுத்தார் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. 1920களின் கடைசியில் அவர் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தார். லோத் வடிவக்கணக்கில் கறாரானவர். அந்தக் கணக்குதான் பின்னால் தெருவில் ஓடும் சைக்கிளிலும் படிக்கட்டின் வளைவிலும் தெரிகிறது. நொடியைப் பிடித்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நொடி வருவதற்கு முன்பே சட்டகத்தைக் கட்டிவைத்திருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. கடைசிக் காலத்தில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு மறுபடி பென்சிலுக்கே போய்விட்டார்.

புதுக்கை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் எடுக்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. என் ஃபோன் திரையில் ஒன்பது கட்டங்கள் தெரியும்படி வைத்திருக்கிறேன். எதை எடுத்தாலும் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் கொண்டுபோய் வைக்கிறேன். படங்கள் தப்பில்லாமல் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே படம்போலவும் இருக்கின்றன. கட்டத்தை அணைத்துவிடட்டுமா? விதியைக் கற்றுக்கொண்ட பிறகு மீறு என்கிறார்கள். கற்றுக்கொண்டாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

தூரிகை

கட்டத்தை அணைக்க வேண்டாம். தொடுவானம் சாயாமல் இருக்க உதவும். பொருளை எங்கே வைப்பது என்று அதைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் ஓவியத்திலிருந்து வந்தவள். எனக்கு முதலில் புரியாமல் போனது ஒரு விஷயம். ஓவியர் வெள்ளைத் தாளில் தொடங்குகிறார். வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுவருகிறார். கேமராக்காரருக்கு எல்லாமே ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வேண்டாததை வெளியே தள்ளுவதுதான் அவர் வேலை. ஆகவே அமைப்பு என்பது நடுவில் நடப்பதல்ல, ஓரங்களில் நடப்பது. பொருளைப் பார்த்தது போதும் என்று ஆனதும் கண்ணை நான்கு ஓரங்களிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள். எது உள்ளே நுழைகிறது, எது வெட்டுப்படுகிறது, எது விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது? தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் மிக மோசம். ஒன்று தெளிவாக உள்ளே இருக்கட்டும், இல்லையேல் தெளிவாக வெட்டுப்படட்டும்.

எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். முகம் முகமாகத் தெரியாது, மரம் மரமாகத் தெரியாது. இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் மட்டும் மிஞ்சும். எந்தப் பக்கம் சரிகிறது என்று அப்போதுதான் விளங்கும். பெரிய மரக்கேமராவின் பின்புறத்து மங்கல் கண்ணாடியில் பார்த்து எடுத்தவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்தது; அவர்கள் பிம்பத்தைப் பார்த்ததே தலைகீழாகத்தான்.

எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படத்தைத் தேடிப் பாருங்கள். அதே காயைப் பல பின்னணிகளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தகரப் புனலுக்குள் படுக்கவைத்தார். புனலின் உள்வளைவு வெளிச்சத்தைத் திருப்பியடித்தது. காயின் மடிப்புகள் உடலைப்போல ஆகிவிட்டன. மூன்றிலொரு பங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. காய் சட்டகத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவருடைய விடை புனல்தான்.

நேர்கோடு

தலைகீழாகப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் இதுவரை எல்லோரும் பேசியது அழகைப் பற்றி. தலைப்பில் தொக்கி நிற்பது பொருள், அதாவது அர்த்தம். ஒரு படத்தில் நாற்காலி இடப்பக்கம் இருப்பதற்கும் வலப்பக்கம் இருப்பதற்கும் பொருளில் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை என்பேன். மீதியெல்லாம் நாம் கற்பிப்பது.

செய்திமேசை

நேர்கோடு அவர்களுக்கு: என் வேலையே மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டுவது. பொருளில் வேறுபாடு இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சே குவேராவின் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையில், சுவரில், கொடியில் பார்த்துப் பார்த்து அது படம் என்பதே மறந்துவிட்டது. ஆல்பர்ட்டோ கோர்தா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் எடுத்தது. முழு நெகட்டிவ் அகலமானது. ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் முகம் பக்கவாட்டில் தெரிகிறது. மறுபக்கம் பனை ஓலைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படியே வைத்திருந்தால் அது ஒரு கூட்டத்தில் நிற்கும் ஒரு மனிதரின் படம். இன்ன இடம், இன்ன நாள், பக்கத்தில் இன்னார். இரண்டு பக்கத்தையும் வெட்டியதும் இடம் போய்விட்டது, நாள் போய்விட்டது, பக்கத்து ஆள் போய்விட்டார். மிச்சம் இருப்பது தூரத்தை நோக்கும் ஒரு முகம். அவர் மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்க்கிறார் என்பது மாறி, வருங்காலத்தைப் பார்க்கிறார் என்று ஆகிவிட்டது. ஒரு புள்ளியைக்கூட யாரும் புதிதாக வரையவில்லை. வெட்டியது மட்டும்தான்.

1945இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் ஜோ ரோசந்தால் எடுத்த அமெரிக்கக் கொடியேற்றப் படமும் படுக்கைவாட்டில் எடுக்கப்பட்டதுதான். இருபுறமும் நிறைய வானம். அதை நெட்டுவாக்கில் வெட்டி அனுப்பிய பிறகுதான் கம்பத்தின் சாய்வு படத்தின் மூலைவிட்டமாக மாறியது. முழுப் படத்தில் அது குன்றின்மேல் சிலர் செய்யும் வேலை. வெட்டிய படத்தில் அது சிலை. பின்னால் உண்மையாகவே சிலையாகவும் வடித்தார்கள்.

இடமும் வலமும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் ஒருமுறை செய்தி மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சட்டகத்தை விட்டு வெளியே பார்க்கும் முகத்தையும், சட்டகத்துக்குள் நோக்கும் முகத்தையும் ஒரே செய்திக்கு வைத்துப் பாருங்கள். ஒன்றில் அந்த மனிதர் கிளம்பிவிட்டார், மற்றதில் காத்திருக்கிறார்.

இருட்டறைக் கிழவர்

மேசையம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டோரத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த புலம்பெயர் தாயின் படம். அதை வறுமையின் படம் என்கிறோம். லாங் அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் உருவப்பட ஸ்டூடியோ நடத்தியவர், வசதியானவர்களைப் படம் எடுத்தவர். அந்த வரிசையில் உள்ள மற்றப் படங்களைப் பாருங்கள். முதலில் கூடாரம் முழுவதும் தெரிகிறது, தரை தெரிகிறது, பொருள்கள் சிதறிக் கிடக்கின்றன. போகப் போகக் கிட்டே வருகிறார். கடைசிப் படத்தில் கூடாரத் துணி வெறும் ஸ்டூடியோத் திரைபோல ஆகிவிட்டது. இரண்டு குழந்தைகளும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள, தாயின் முகம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பழகிய கை ஸ்டூடியோவைக் கூடாரத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது. சாளரம் சொன்ன கட்சிக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அந்த நெகட்டிவின் கீழ் வலது மூலையில் கூடாரக் கழியைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. பின்னால் அதை அழித்துவிட்டார்கள். லாங்குக்கு அது கண்ணை உறுத்தியது. அரசுத் திட்டத்தின் படப்பிரிவை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கருக்கு அழித்தது உறுத்தியது. ஒரு கட்டைவிரலில் ரசனையும் நேர்மையும் மோதிக்கொண்டன. நான் லாங் பக்கம்தான். ஆனால் இருட்டறையில் நரைத்தவன் என் பேச்சை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

செய்திமேசை

நான் ஸ்ட்ரைக்கர் பக்கம். நகர்ந்து நின்று விரலைத் தவிர்த்திருந்தால் அது அமைப்பு. எடுத்தபின் அழித்தால் அது வேறு. 1982இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் தன் அட்டைக்காகக் கிசா பிரமிடுகளை நெருக்கி வைத்தது நினைவிருக்கிறதா? படுக்கைப் படத்தை நெட்டு அட்டைக்குள் அடக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒளிப்படக்காரர் சில அடி நடந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய காட்சிதானே என்று அப்போது வாதிட்டார்கள். நடக்கவில்லையே.

நேர்கோடு

அந்த வாதத்தைப் பின்னோக்கி ஓட்டினால் 1855க்குப் போகலாம். கிரைமியப் போரின்போது ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன, பாதை காலி. மற்றதில் பாதை முழுக்கக் குண்டுகள். சரிவிலுள்ள சிறு கற்கள் இரண்டாவதில் கீழே உருண்டு வந்திருப்பதை ஒப்பிட்டு, காலிப் பாதைதான் முதலில் எடுக்கப்பட்டது என்று பிற்காலத்தில் காட்டினார்கள். நமக்கெல்லாம் நினைவில் நிற்பது குண்டுகள் சிதறிய படம். வெஸ்டன் காயைப் புனலில் வைத்தால் கலை; பாதையில் குண்டை உருட்டினால் மோசடி. இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்று செய்திமேசை சொன்னால் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

பொருளைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்தி, மறுபடி வைக்கிறேன். அமைப்பு கவனத்தைத் திருப்பும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பொருளைக் கட்டுப்படுத்தாது. 1907இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த கப்பலின் கீழ்த்தளப் படம் இருக்கிறதே. நடுவில் வெள்ளைப் பாலம் சாய்வாக ஓடுகிறது. மேலே வட்டத் தொப்பி, கீழே சால்வை போர்த்திய பெண், வலப்பக்கம் படிக்கட்டு. அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் குடியேறிகளின் படம் என்று பலர் அதை நினைக்கிறார்கள். அந்தக் கப்பல் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எடுத்தவரோ வடிவங்களின் உறவு தன்னை ஈர்த்ததைத்தான் பின்னாளில் பெரிதாகச் சொன்னார். அவர் வைத்தது வட்டமும் கோடும். நாம் எடுத்துக்கொண்டது குடியேற்றம். அமைப்பு எங்கே பொருளைத் தீர்மானித்தது?

விழியோட்டம்

பார்வை பற்றிய ஆராய்ச்சி என் துறை. ஆல்ஃபிரட் யார்புஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் ரஷ்ய ஓவியர் ரெப்பினின் ஓர் ஓவியத்தைக் காட்டிப் பார்ப்பவரின் கண் எங்கெல்லாம் போகிறது என்று பதிவு செய்தார். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் 1967இல் வெளியானது. ஓவியத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களில் மேய்கிறது. வசதி என்ன என்று கேட்டால் உடைக்கும் அறைச் சாமான்களுக்கும் போகிறது. படம் அதேதான், கண் போகும் வழி வேறு. ஆக நேர்கோடு சொல்வதில் ஒரு பாதி உண்மை: பார்ப்பவர் கேள்வியோடு வருகிறார்.

மறுபாதி, பயிற்சி. 1993இல் வெளியான ஓர் ஆய்வில் கலை பயின்றவர்களையும் பயிலாதவர்களையும் ஓவியங்களைப் பார்க்கவைத்தார்கள். பயிலாதவர்களின் கண் தனித்தனி உருவங்களில் நின்றது. பயின்றவர்களின் கண் உருவங்களுக்கு இடையிலான உறவுகளைத் தேடியது. சாளரத்தின் ஓவியர் வெறும் சுவரை எடுத்தது இதோடு பொருந்திப்போகிறது.

பயிற்சிக்கு முன்பே வேறொன்றும் இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிழக்கு ஆசியர்களையும் அமெரிக்கர்களையும் ஒருவரின் உருவப்படம் எடுக்கச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் முகத்தைப் பெரிதாக வைத்தார்கள். கிழக்கு ஆசியர்கள் ஆளைச் சிறிதாக்கிச் சூழலை அதிகம் சேர்த்தார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுத்ததில்லை. எழுத்து ஓடும் திசையும் பாதிக்கிறது: இடமிருந்து வலமாகப் படிப்பவர்களும் எபிரேயத்தைப் போல வலமிருந்து இடமாகப் படிப்பவர்களும், அசைவு எந்தத் திசையில் இருந்தால் பிடிக்கும் என்பதில் வேறுபட்டார்கள். எனவே நாற்காலி இடமா வலமா என்பது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல, நேர்கோடு.

பொன்விகிதம் (கண்ணுக்கு மிக அழகானது என்று சொல்லப்படும், ஏறக்குறைய 1.6க்கு 1 என்ற விகிதம்) என்று யாராவது எழுதுவதற்கு முன்: 1876இல் ஜெர்மன் உளவியலாளர் ஃபெக்னர் செவ்வகங்களை வைத்துச் செய்த சோதனை அதற்குச் சாதகமாக இருந்தது. அதற்குப் பின் வந்த சோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சங்குப் படத்தின்மேல் சுருள்கோடு வரைந்து காட்டுபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். எந்தப் படத்தின்மேலும் அதை எப்படியாவது பொருத்திவிடலாம்.

சாளரம்

சொன்னபடி மாடிப்படிப் படங்கள் அ, ஆ, இ போட்டாயிற்று. ஊகியுங்கள்.

தூரிகை

அ ஓவியர். கைப்பிடியின் வளைவும் சுவர்நிழலும் சேர்ந்து ஒரே கோடாகிவிடுகின்றன. ஆ பொறியாளர், படிகள் நேருக்கு நேராக ஏணிபோல. இ பத்திரிகைக்காரர்.

செய்திமேசை

இ நிச்சயமாக எங்கள் ஆள். மேல்படியில் ஒரு செருப்புக் கால் மட்டும் தெரிகிறது.

நேர்கோடு

நாணயத்தைச் சுண்டிச் சொல்கிறேன்: ஆ ஓவியர், அ பொறியாளர்.

சாளரம்

இ பத்திரிகைக்காரர்தான். மற்ற இரண்டில் நாணயம் வென்றுவிட்டது. வளைவையும் நிழலையும் இணைத்தவர் பொறியாளர். ஏணிபோல நேராக எடுத்தவர் ஓவியர். இருவரிடமும் கேட்டேன். பொறியாளர் மாடிப்படிகளை வரைந்து வரைந்து சலித்தவராம். நேராக எடுத்தால் வரைபடம் மாதிரி இருக்கிறது என்று ஓரமாகப் போனாராம். ஓவியருக்கோ படிகளின் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்ற வரிசைதான் பிடித்ததாம். நேராக நின்றால்தான் அது பட்டைகளாகத் தெரிந்தது.

நேர்கோடு

கட்சி சரிந்ததா?

சாளரம்

சரியவில்லை, வளைந்தது. பயிற்சி ஒருவரை ஒரு பக்கம் தள்ளும் என்று மட்டும் நினைத்திருந்தேன். தன் பயிற்சியிலிருந்து தப்பி ஓடுவதற்கும் அதே பயிற்சி வேண்டியிருக்கிறது. பொறியாளர் எதைத் தவிர்த்தார் என்பதும் அவர் யார் என்பதைச் சொல்கிறதுதானே.

நேர்கோடு

அப்படியென்றால் நேராக எடுத்தாலும் பொறியாளர், கோணலாக எடுத்தாலும் பொறியாளர். தோற்கவே முடியாத கட்சி. வாழ்த்துகள்.

இருட்டறைக் கிழவர்

நேர்கோட்டின் குறும்பை ரசித்தேன். ஆனால் தனிமனிதரை விட்டுப் பள்ளிகளைப் பார்த்தால் சாளரத்தின் கட்சி பலமாகும். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியர் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். எப்போதும் மூட்டமான வானம், நிழல் கூடாது, பாதி உயரத்திலிருந்து நேர்ப்பார்வை, பொருள் நடுவே. பிறகு ஒரே வகைப் படங்களை வரிசைக் கட்டங்களாக அடுக்கி மாட்டினார்கள். தனிப்படத்தில் இல்லாத பேச்சு அந்த அடுக்கில் வந்தது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாமல் பார்க்கவே முடியாது. பெர்ன்ட் 1976 முதல் டுசல்டோர்ஃப் கலைக்கல்லூரியில் கற்பித்தார். அங்கே படித்த குர்ஸ்கி, ருஃப், ஸ்ட்ரூத், ஹோஃபர் ஆகியோர் எடுத்தவை வெவ்வேறு உலகம். ஆனாலும் அந்த நேரெதிர்ப் பார்வையும் விலகி நிற்கும் நிதானமும் எல்லோரிடமும் தெரிகின்றன.

ரசனை காலத்தோடு புரள்வதையும் மறக்கக்கூடாது. ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்காவைச் சுற்றி எடுத்து 83 படங்களாகச் சுருக்கிய தொகுப்பு 1958இல் பாரிசிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வந்தபோது, மங்கல், சாய்ந்த தொடுவானம், கவனக்குறைவு என்று ஒரு பிரபல ஒளிப்பட இதழ் கிழித்தது. இன்று அதே சாய்வை மாணவர்கள் பாடமாகப் பழகுகிறார்கள். வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்கள் 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டபோதும் அர்ச்சனைதான். அவருடைய மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? கேமரா தரையோடு தரையாகக் கிடக்கிறது. வீடுகளைவிடப் பெரியதாகச் சைக்கிள் எழுந்து நிற்கிறது. அதன் சக்கரங்களுக்கு இடையில் ஒரு கார் அடங்கிவிடுகிறது. குழந்தையின் உயரம், குழந்தையின் உலகம். அதை அன்றைக்கு வெறும் சாதாரணம் என்றார்கள்.

விழியோட்டம்

நேர்ப்பார்வை என்றதும் அதன் எதிர்முனை நினைவுக்கு வருகிறது. சோவியத் ஒளிப்படக்காரர் ரோத்சென்கோ 1920களின் பிற்பாதியில் மாடியிலிருந்து செங்குத்தாகக் கீழேயும், தரையிலிருந்து செங்குத்தாக மேலேயும் எடுத்தார். தொப்புள் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பதை விட்டொழிக்க வேண்டும் என்பது அவர் வாதம். புரட்சிக்கு ஏற்ற புதிய கண் என்று நினைத்துச் செய்தது. சில ஆண்டுகளிலேயே உள்ளடக்கமற்ற வடிவ மோகம் என்று அதே நாட்டில் குற்றம் சாட்டினார்கள். சாய்ந்த கோடு ஒரு காலத்தில் கொள்கை, இன்னொரு காலத்தில் குற்றம். இன்று விளம்பரம்.

புதுக்கை

எல்லாவற்றையும் படித்தேன், பாதி தலைக்கு மேலே போய்விட்டது. ஓரங்களைப் பார்க்கச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நானும் ஒரு மாடிப்படியை இரண்டு விதமாக எடுத்துப் போட்டிருக்கிறேன். முதலாவதில் படிக்கட்டு முழுதாக உள்ளே இருக்கிறது, மேலே சன்னல். இரண்டாவதில் இறங்கி வந்து கீழ்ப்படியில் நின்று எடுத்தேன். சன்னல் இல்லை, அதன் வெளிச்சம் மட்டும் மூன்றாம் படியில் விழுகிறது. எது தேவலை?

தூரிகை

இரண்டாவது, யோசிக்காமல். சன்னல் இருந்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கே இடமில்லை.

இருட்டறைக் கிழவர்

எனக்கு முதலாவது, தம்பி. படி எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். வெளிச்சத்தை மட்டும் காட்டிச் சன்னலை மறைப்பது இப்போது எல்லோரும் செய்கிற காரியம்.

செய்திமேசை

இரண்டாவதுதான். ஆனால் இடப்பக்கம் கைப்பிடியின் நுனி விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றே செய்ததா?

புதுக்கை

வேண்டுமென்றேதான். முழுதாக விட்டால் கண் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது.

நேர்கோடு

அப்படியானால் இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே வந்து வெட்டுங்கள். இப்போது இருப்பது தவறிப்போய் வெட்டுப்பட்டதுபோலத்தான் தெரிகிறது.